சந்தனப் பொட்டு வைத்த மீட்டர்

அன்றைக்கு ஆபீஸ் அறையில் இருந்தவர்கள்:

மேனேஜர் சக்கரவர்த்தி. மேசைக்குப் பின்னால், அறையில் இருந்த ஒரே சுழல் நாற்காலியில்.

ஆதவன். ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் முதலாளியின் அண்ணன் மகன். மேனேஜருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் செல்போன்.

குமரேசன். பாண்டிச்சேரியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த மெக்கானிக். நகத்தில் கிரீஸ். ஜன்னல் திண்டில் சாய்ந்திருந்தார்.

அர்ஜுனன். ஸ்பீடு போட் ஓட்டுபவர். நின்றுகொண்டிருந்தார்.

ரேணுகாம்பாள். அர்ஜுனனின் மனைவி. டிக்கெட் கிழிப்பது, லைஃப் ஜாக்கெட்டைக் கழுவிக் காயப்போடுவது, படகைத் துடைப்பது எல்லாம் இவர் வேலை. கதவோரம் நின்றிருந்தார்.

நான். பெயர் அறிவுச்செல்வன். படகில் அர்ஜுனனுக்கு உதவி. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டு, கம்பெனியில் ராத்திரி ஷிப்டு பார்த்து, அதையும் விட்டுவிட்டு இங்கே வந்தவன். நின்றுகொண்டிருந்தேன்.

எஞ்சின் வெளியே புங்கமரத்தடியில் கோணிப்பை மேல் கிடந்தது. மூடியைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.

"மொதலாளி பன்னெண்டு மணிக்கு போன் பண்ணுவாரு," என்றார் சக்கரவர்த்தி. "எஞ்சின் போச்சுன்னு சொல்லிட்டேன். யாராலனு கேட்டாரு. ஒரு ஆள சொல்லியாவணும். சொல்ற ஆளு நாளையிலேருந்து இங்க வேலைக்கு வர வேணாம். இதான் மேட்டர். அழுவறது, கால்ல உழறது எல்லாம் வேணாம். டைம் இல்ல."

அப்படிச் சொல்லும்போது அவர் அர்ஜுனனைத்தான் பார்த்தார். படகு ஓட்டுபவர் அவர்தானே. அர்ஜுனன் தன் வெள்ளைத் தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் தொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அர்ஜுனன் அடி அண்ணாமலைக்காரர். நாலு வருடத்துக்கு முன்பு வரை ஊரில் அடுத்தவன் டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் இங்கே வந்தவர் ரேணுகா அக்காதான். ஏரியைத் தூர்வாரும்போது நூறு நாள் வேலையில் மண் சுமந்தவர், படகுத்துறை வந்ததும் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஸ்பீடு போட் வந்தபோது மேனேஜரிடம் போய், "எங்க வூட்டுக்காரு எந்த வண்டின்னாலும் ஓட்டுவாரு சார்" என்று சொல்லி அவரைச் சேர்த்துவிட்டவரும் அக்காதான். வந்த முதல் மாதமே தேரடித் தெருவில் அந்தத் தொப்பியை வாங்கினார் அர்ஜுனன். முன்னால் நங்கூரப் படம் போட்டது. ஊரில் எல்லோரும் கேப்டன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் கிண்டலுக்கு. அவர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவே இல்லை. திரும்ப டிராக்டரில் ஏறுவதை விட அவர் எதையும் செய்வார். அதை அந்த அறையில் எல்லோரும் அறிவோம்.

எஞ்சின் எப்படிப் போனது என்று சொல்வதற்கு முன் அது எப்படி ஓடும் என்று சொல்ல வேண்டும்.

எஞ்சின் படகின் பின்பக்கம் வெளியே தொங்கும். நின்ற இடத்தில் தொங்காது. முன்னும் பின்னும் சாயும். அதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லீவரைப் பிடித்தால் கட்டைவிரலுக்குக் கீழே வரும். அதற்கு ட்ரிம் என்று பெயர். கீழே அழுத்தினால் எஞ்சின் படகோடு ஒட்டி உள்ளே சாயும். படகின் மூக்கு தாழும். மேலே அழுத்தினால் எஞ்சின் பின்னால் எழும்பும், மூக்கும் எழும்பும். கிளம்பும்போது மூக்கைத் தாழ்த்திக் கிளம்ப வேண்டும். படகு தண்ணீர் மேல் ஏறிச் சறுக்க ஆரம்பித்ததும் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். ஸ்டியரிங் லேசாகும், பெட்ரோல் கம்மியாகக் குடிக்கும். அந்தக் கொஞ்சத்தோடு நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தூக்கினால் படகு தவளை போலக் குதிக்கும். பின்னால் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் எஞ்சின் தன்னைக் குளிரவைக்க ஏரித் தண்ணீரைத்தான் உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சும் வாய் எஞ்சினின் அடிப்பகுதியில் இருக்கிறது. எஞ்சின் எழும்ப எழும்ப அந்த வாயும் எழும்பும். பிறகு அது தண்ணீருக்குப் பதில் காற்றைக் குடிக்கும்.

இதையெல்லாம் கவனிக்க மீட்டர்கள் உண்டு. எஞ்சின் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று காட்ட ஒன்று, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்ட ஒன்று, எவ்வளவு சூடு என்று காட்ட ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று. எங்கள் எஞ்சின் கொச்சியிலிருந்து பழையதாக வாங்கி வந்தது. வந்த நாளிலிருந்தே ட்ரிம் மீட்டர் வேலை செய்யாது. வயர் எங்கேயோ அறுந்திருந்தது. முள் எப்போதும் அடியிலேயே கிடக்கும். தூக்கினாலும் அடி, இறக்கினாலும் அடி. மேனேஜரிடம் சொன்னோம். "ஓடுது இல்ல? ஓட்டு" என்றார். சூடு ஏறினால் கத்துகிற பஸ்ஸர் ஒன்று இருந்தது. மழையில் நனைந்து சும்மாவே கத்தியதால் அதன் வயரைப் பிடுங்கிப் போடச் சொன்னதும் அவர்தான்.

எனவே அர்ஜுனனும் நானும் ட்ரிம் பார்த்தது மலையை வைத்து. எங்கள் ஏரி கீழ்பென்னாத்தூர் பக்கம். படகுத்துறையிலிருந்து கிளம்பினால் திருவண்ணாமலை மலை நேர் எதிரே. மூக்கு மலையின் இடுப்பில் நின்றால் ட்ரிம் சரி. உச்சி மட்டும் தெரிந்தால் போதும், நிறுத்து. உச்சியே மறைந்துவிட்டால் ஜாஸ்தி, உடனே இறக்கு. மேகம் மூடிய நாளில் மட்டும் கஷ்டம்.

மீதி இருந்தது சூட்டு மீட்டர். அப்புறம் எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஓட்டை வழியாக மெல்லிய தாரையாக வெளியே விழும். விழுந்தால் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். விழவில்லை என்றால் நிறுத்திப் பார்க்க வேண்டும். அதை நாங்கள் ஒண்ணுக்கு ஓட்டை என்போம்.

இந்த இரண்டையும் ஆயுத பூஜை அன்று இழந்தோம்.

அன்றைக்கு எல்லோரும் நல்ல குஷியில் இருந்தோம். படகைக் கழுவி வாழைக்கன்று கட்டியாகிவிட்டது. படகுக்கு டயர் இல்லையே, எலுமிச்சம்பழத்தை எதில் வைத்து நசுக்குவது என்று மேனேஜருக்கும் அர்ஜுனனுக்கும் பெரிய வாக்குவாதம். கடைசியில் கரையில் பழத்தை வைத்துப் படகைத் தள்ளி நசுக்கினோம். ரேணுகா அக்கா ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்து வந்து, ஸ்டியரிங்குக்கு, லீவருக்கு, ஒவ்வொரு மீட்டருக்கும் பொட்டு வைத்தார். கை தாராளம். சூட்டு மீட்டரின் கண்ணாடியில் பாதி சந்தனம்.

எஞ்சினுக்கு வைக்கும்போது, "போதுமாங்க? இன்னும் எங்கயாவது வைக்கணுமா?" என்று அர்ஜுனனிடம் கேட்டார்.

"அதோ அங்க ஒரு ஓட்டை இருக்குது பாரு. அங்க ஒண்ணு வையி."

"அது இன்னாது?"

"அதான் எஞ்சினு ஒண்ணுக்குப் போற எடம். அதுக்கும் பூசை வேணாமா? வருசம் பூரா பாவம் அதுதான் வேல செய்யிது."

எல்லோரும் சிரித்தோம். அக்கா "ச்சீ, கருமம்" என்று சொல்லிக்கொண்டே சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். மேனேஜர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அதற்குப் பிறகு மழை. பத்து நாள் போல படகை இறக்கவில்லை. ஓட்டைக்குள் போன சந்தனம் இறுகிக் கல்லாகிவிட்டது. மறுபடி ஓட்டியபோது தாரை விழவில்லை. நான் குச்சி எடுத்தேன். மீட்டரைத் துடைக்கத் துணியும் எடுத்தேன். அர்ஜுனன் கையைத் தட்டிவிட்டார்.

"பூசை பொட்டுடா. கையால அழிக்கக் கூடாது. தானா உதுரணும்."

"ணா, முள்ளு தெரியல. தண்ணியும் வுழல."

"உள்ள ஓடுது. சத்தத்துலயே தெரியிது. எங்க ஊர்ல டிராக்டருக்கு வச்ச பொட்டு அடுத்த பூசை வரைக்கும் இருக்கும். ஒண்ணும் ஆவாது."

டிராக்டரில் பொட்டை முகப்பில் வைப்பார்கள். அது உதிராமல் இருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அதற்கடுத்த பௌர்ணமி முடிந்த ஞாயிற்றுக்கிழமை. கிரிவலம் சுற்றிய ஆந்திராக் கூட்டம் லாட்ஜில் தூங்கி எழுந்து, வீங்கின காலோடு ஆட்டோ ஆட்டோவாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஆதவன் சென்னையிலிருந்து சிநேகிதர்களோடு வந்தான். வரிசையில் நின்றவர்களை நிறுத்திவிட்டு மேனேஜர் அவனைப் படகில் ஏற்றினார்.

"தம்பி ஓட்டிப் பாக்கணுமாம். அர்ஜுனா, சீட்ட குடு. நீ பக்கத்துல ஒக்காந்துக்கோ."

அர்ஜுனன் எழுந்து பக்கத்து சீட்டுக்குப் போனார். நான் பின்னால், கயிற்றோடு. அபிநயா என்ற பெண் ஆதவனின் தோளுக்குப் பின்னால் நின்று போனில் வீடியோ எடுத்தாள்.

"தம்பி, கட்டைவெரல் கிட்ட ஒரு சுவிட்ச் இருக்குது பாருங்க. அத மட்டும் தொடாதீங்க. எஞ்சின தூக்கிடும்."

"ஓ, ட்ரிம்மா? தெரியும்ணா. கோவாவுல ஓட்டியிருக்கேன்."

கிளம்பியதும் நன்றாகத்தான் போனான். பிறகு தூக்கினான். பின்னால் தண்ணீர் பீய்ச்சியது. அபிநயா கத்தினாள். "செம்மடா! இன்னும் ஹைட்டா வரணும்!" இன்னும் தூக்கினான். படகு குதித்தது. முதலில் மலையின் இடுப்பு போனது, பிறகு தோள், பிறகு உச்சி. மூக்குக்கு மேல் வானம் மட்டும் இருந்தது. எஞ்சின் சத்தம் மாறியது. தண்ணீரைத் தள்ள வேண்டிய புரொப்பல்லர் காற்றைக் கடைந்துகொண்டிருந்தது. சத்தம் ஏறுகிறது, வேகம் குறைகிறது.

"ணா, எறக்கச் சொல்லுணா!" என்று கத்தினேன்.

அர்ஜுனன் கையைத் தூக்கினார். லீவர் வரைக்கும் கொண்டுபோனார். ஆதவன் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தான். கை திரும்பி வந்து முழங்காலில் உட்கார்ந்துகொண்டது. அவர் சூட்டு மீட்டரைப் பார்த்தார். அங்கே சந்தனம். திரும்பி எஞ்சினைப் பார்த்தார். அங்கேயும் சந்தனம். பிறகு பெயின்ட் கருகும் வாசனை, புகை, உள்ளே எதுவோ கடக்கென்று பிடித்துக்கொண்ட சத்தம். அவ்வளவுதான்.

ஏரி நடுவில் நின்றோம். அன்னம் போலச் செய்த மிதி படகில் இரண்டு பேரை அனுப்பி, கயிறு கட்டி இழுத்துப்போனார்கள். அபிநயா அதையும் வீடியோ எடுத்தாள்.

இப்போது, மறுநாள் காலை, அந்த அறை.

"சார், தம்பிதான் ட்ரிம்ம தூக்குனாரு," என்றேன். யாரும் கேட்கும் முன்பே சொல்லிவிட்டேன். "ஃபுல்லா தூக்கிட்டாரு. எஞ்சின் காத்த இழுத்துச்சு. அதான் பிடிச்சிக்கிச்சு."

ஆதவன் கோபப்படவில்லை. போனைத் திருப்பி மேசையில் வைத்தான்.

"அங்கிள், வீடியோ இருக்கு. நீங்களே பாருங்க. இதோ மீட்டர் தெரியுதா? ட்ரிம் முள்ளு எங்க இருக்கு? அடியில. நான் தூக்கியிருந்தா முள்ளு மேல வந்திருக்கணும் இல்ல?"

சக்கரவர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அடியிலதான் இருக்குது."

"சார், அந்த மீட்டர் செத்து எவ்ளோ நாள் ஆவுது! உங்ககிட்டயே சொன்னோமே!"

"எங்கிட்ட ஆயிரம் பேர் ஆயிரம் சொல்றான்."

"சரி, மீட்டர வுடுங்க. மலைய பாருங்க. அதே வீடியோவுலயே பாருங்க. கெளம்பும்போது மூக்குக்கு மேல மலை தெரியுது. இங்க வந்தா மலையே இல்ல. மூக்கு அவ்ளோ தூக்கிடுச்சு. எஞ்சின தூக்காம மூக்கு எப்டி சார் தூக்கும்?"

சக்கரவர்த்தி போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு குமரேசனைப் பார்த்தார்.

"மலைய சாட்சிக்குக் கூப்புடுறான் பாருப்பா. ஊரெல்லாம் மலைய சுத்தி வந்து புள்ள குடு, வேல குடுன்னு கேக்குறாங்க. இவன் ஒருத்தன்தான் வந்து சாட்சி சொல்லுன்னு கேக்குறான்." ஆதவன் சிரித்தான். "பேர்லயே அறிவு. படிப்பதான் பாதியில வுட்ட, வாயையாவது பாதியில வுடுடா."

நான் விடவில்லை. "அர்ஜுனண்ணன கேளுங்க சார். பக்கத்துல ஒக்காந்திருந்தாரு. மலை வச்சுதான் நாங்க ஓட்டுறோம். அவருக்குத் தெரியும்."

சக்கரவர்த்தி நாற்காலியைத் திருப்பினார்.

"சொல்லு அர்ஜுனா. தம்பி தூக்குனாரா?"

அர்ஜுனன் தொப்பியைப் பார்த்தார். ஆதவனைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"நான் மீட்டரத்தான் சார் பாத்தேன்," என்றார். "முள்ளு அடியிலதான் இருந்துச்சு."

நாலு வருடமாக நகராத முள்.

"அப்போ தம்பி மேல தப்பு இல்ல," என்றார் சக்கரவர்த்தி. "சரி. பின்ன எஞ்சின் எதுக்கு சூடாச்சு? பக்கத்துல இருந்தவன் நீ. டிரைவர் நீ. சூடாவுதுன்னு ஒனக்கு ஏன் தெரியல?"

இதை அர்ஜுனன் எதிர்பார்க்கவில்லை. ஆதவனைக் காப்பாற்றினால் தன்னையும் காப்பாற்றிவிடுவார்கள் என்று நினைத்திருந்தார்.

சக்கரவர்த்தி அவரைக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கவைத்தார். பிறகு மேசை மேல் இருந்த செய்தித்தாள் துண்டை நடுவுக்கு இழுத்தார். அதில் பட்டாணி அளவில் மஞ்சளாக ஒரு கட்டி இருந்தது. காலையில் குமரேசன் ஓட்டையிலிருந்து கம்பி விட்டு எடுத்தது.

"குமரேசா, இது எஞ்சினுக்குள்ள இருந்துதுதானே?"

"ஆமா சார்."

"தண்ணி வர்ற ஓட்டையில?"

"ஆமா சார்."

"ஓட்டைய அடைச்சா எஞ்சின் சூடாவுமா?"

குமரேசன் ஜன்னல் வழியாகப் புங்கமரத்தைப் பார்த்தார். "அதுவும் ஒரு காரணமா இருக்கலாம் சார்."

"இத அங்க வச்சது யாரு?"

வைத்தவர் யார் என்று அறையில் நாலு பேருக்குத் தெரியும். கேட்டவரும் அதில் ஒருவர்.

சக்கரவர்த்தியின் குரல் மாறியது. அன்பாகப் பேச ஆரம்பித்தார். "இதோ பாரு அர்ஜுனா. டிரைவர் இல்லாம எனக்கு முடியாது. புது எஞ்சின் வந்துடும். கார்த்திகைக்குக் கூட்டம் தாங்காது. பெருக்கறதுக்கும் டிக்கெட் கிழிக்கறதுக்கும் ஆள் கெடைக்கும். போட்டு ஓட்டறவன் கெடைக்க மாட்டான். மொதலாளி கேட்டா, வெவரம் தெரியாத பொம்பள, ஓட்டையில சந்தனத்த அப்பிட்டா, டிரைவருக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. நீ இன்னா சொல்ற? ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"சார், அவர்தான் வைக்கச் சொன்னாரு!" என்றேன். "நீங்க கூட சிரிச்சீங்களே!"

"நான் ஒன்ன கேக்கல."

அர்ஜுனன் ரேணுகா அக்கா நின்ற பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் மாட்டியிருந்த படகுத்துறை விதிமுறைப் பலகையைப் பார்த்தபடி சொன்னார்.

"எனக்குத் தெரியாது சார். நான் அந்தாண்ட தேங்கா ஒடைச்சிக்கிட்டு இருந்தேன். அது பாட்டுக்கு வச்சிடுச்சு. நான் பாக்கல."

அக்கா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை இடத்தில் அர்ஜுனனை அவர் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்கள் முன்னால் கேப்டன் என்று கூடச் சொல்வார். இப்போது கதவோரத்திலிருந்து ஓரடி முன்னால் வந்தார்.

"நீ பாக்கல?"

அர்ஜுனன் தொப்பியை இன்னும் இறுக்கிச் சுருட்டினார்.

"யோவ். உன்னத்தான் கேக்குறேன். எங்க வைக்கட்டும்னு நான் கேட்டனா இல்லையா?"

"ஏம்மா, அதெல்லாம் வூட்ல வச்சிக்கோங்க," என்றார் சக்கரவர்த்தி.

"வூட்ல வச்சிக்கறதுக்கு எஞ்சின் வூட்லயா சார் இருக்குது?" அக்கா அவரைப் பார்க்காமலே சொன்னார். அர்ஜுனனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அர்ஜுனன் விதிமுறைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். நான்காவது வகுப்பு வரை படித்தவர். அதில் பதினைந்து விதிகள்.

அக்கா ஏதோ கூட்டிக் கழித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. அர்ஜுனன்தான் வைக்கச் சொன்னார் என்று நிரூபித்தால் என்ன ஆகும்? அர்ஜுனனும் போவார், அக்காவும் போவார். அந்த வீட்டுக்கு வருகிற இரண்டு சம்பளத்தில் ஒன்றும் மிஞ்சாது. மகள் எழிலரசி வேலூரில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். இதை மேனேஜரும் கூட்டிக் கழித்துத்தான் வைத்திருந்தார்.

"நான்தான் வச்சேன்," என்றார் அக்கா. "எழுதிக்கோங்க."

"எழுத எல்லாம் வேணாம்மா. சொன்னா போதும்." சக்கரவர்த்தி கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு நிம்மதி. "ஜாக்கெட் ரூம் சாவிய வச்சிட்டு, ஒன் சாமான எடுத்துக்கோ."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார் அக்கா. செய்தித்தாளில் இருந்த சந்தனக் கட்டியையும் எடுத்தார். அக்கா அதை விரலால் நசுக்கப் பார்த்தார். நசுங்கவில்லை. திரும்ப வைத்துவிட்டு வெளியே போனார்.

நானும் வெளியே வந்தேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. குமரேசன் புங்கமரத்தடியில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஓட்டைய அடைச்சா எஞ்சின் சாவாதுப்பா," என்றார் என்னிடம். நான் எதுவும் கேட்கவில்லை, தானாகவே சொன்னார். "உள்ள தண்ணி வேற வழியா போயிடும். சாவப்போவுதுன்னு வெளிய தெரியாது, அவ்ளோதான்."

"இத உள்ள சொல்லியிருக்கலாமேண்ணா."

"சொல்லலாம்." புகையை விட்டார். "சொன்னா அடுத்த எஞ்சினுக்கு வேற மெக்கானிக்க கூப்புடுவான்."

பொய் சொல்லவில்லை அவர். அந்த அறையில் இருந்தவர்களில் அவர் ஒருவர்தான் பொய் சொல்லாமலே காரியத்தை முடித்தவர்.

ரேணுகா அக்கா லைஃப் ஜாக்கெட் அறையிலிருந்து தன் சாமான்களோடு வந்தார். டிபன் பாக்ஸ், மழைக்கு வைத்திருந்த குடை, வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் சந்தனக் கிண்ணம். கயிற்றில் காலையில் அவர் காயப்போட்ட ஆரஞ்சு ஜாக்கெட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. போகிற போக்கில் ஒன்றைத் தொட்டுப் பார்த்து, காயாத பக்கத்தை வெயிலுக்குத் திருப்பிப் போட்டார். பிறகுதான் ஞாபகம் வந்தது போலக் கையை எடுத்துக்கொண்டார்.

"அக்கா, நான் வேணா மொதலாளிக்கு நேரா போன் பண்ணட்டுமா?"

"பண்ணி?"

"உண்மைய சொல்றேன்."

"சொல்லி? அவரையும் அனுப்பிடுவாங்க. அவர வூட்ல வச்சி நான் இன்னா பண்றது? பொட்டு வச்சி பூசை பண்ணவா?" சிரிக்கவில்லை. "ஒன் வேலய பாருடா. நீ ஒருத்தனாவது வாயத் தொறந்த. அதோட வுடு."

படகுத்துறைக்கும் ரோட்டுக்கும் நடுவில் இரும்புத் தகடு அடித்த ஒற்றைக் கதவு. ஞாயிறு, பௌர்ணமியில் மட்டும் பெரிய கேட்டைத் திறப்பார்கள். மற்ற நாளில் இதுதான் வழி. அக்கா அதைத் தாண்டி வெளியே போய், வேலி ஓரம் நிறுத்தியிருந்த டிவிஎஸ் எக்ஸெல் பக்கத்தில் வாளியை வைத்தார். தினமும் காலையில் இரண்டு பேரும் அதில்தான் வருவார்கள். அர்ஜுனன் ஓட்ட, அக்கா பின்னால், மடியில் அந்தத் தொப்பி.

அர்ஜுனன் ஆபீஸிலிருந்து வந்தார். கையில் பெரிய பூட்டு. மேனேஜர் ஜன்னல் வழியாகக் கத்தினார்: "அர்ஜுனா, அந்தக் கதவ சாத்திட்டு வாய்யா. எஞ்சின் இல்லன்னு தெரியாம எவனாவது வந்து டிக்கெட் கேப்பான்."

அர்ஜுனன் கதவு வரைக்கும் போனார். உள்பக்கம் நின்றார்.

"ரேணு," என்றார்.

"வண்டி சாவி," என்று கையை நீட்டினார் அக்கா.

"நீ பஸ்ல..."

"சாவி."

பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அக்கா வாளியைக் கால் வைக்கும் இடத்தில் வைத்து, டிபன் பாக்ஸை ஹேண்டிலில் மாட்டி, குடையைப் பின் சீட்டில் செருகினார். அவர் வண்டி ஓட்டி நான் அதுவரை பார்த்ததில்லை. நன்றாகவே உட்கார்ந்தார்.

"சாயங்காலம் நான் எப்புடி வருவேன்?" என்றார் அர்ஜுனன்.

"கேப்டன்தானே. போட்ட ஓட்டிக்கினு வா."

முதல் உதையிலேயே வண்டி கிளம்பிவிட்டது. புழுதி கதவு வரைக்கும் வந்தது. திருவண்ணாமலை ரோட்டில் ஏறித் திரும்பும் வரை எங்களுக்குத் தெரிந்தது. அவர் ஒரு தடவையும் பின்னால் பார்க்கவில்லை.

உள்ளே ஆபீஸில் போன் அடித்தது. "சார், வணக்கம் சார்," என்றார் சக்கரவர்த்தி. "பாத்தாச்சு சார். ஒரு பொம்பள சார்..."

அர்ஜுனன் தொப்பியை உதறித் தலையில் போட்டுக்கொண்டார். கதவை இழுத்துச் சாத்தினார், தாழ்ப்பாளைத் தள்ளினார், பூட்டைப் போட்டுத் திருகினார். எப்போதும் செய்வது போல இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.